மறுவீட்டுச் சொதி

ஆழ்வார்குறிச்சியில் நான் மருந்துக்கடை வைத்து இருபத்தாறு வருடம் ஆகிறது. இந்த ஊரில் யாருக்கு மூலம், யாருக்குப் படை, யார் தூக்க மாத்திரை இல்லாமல் தூங்குவதில்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெருவில் விபூதிப் பட்டையோடு நிமிர்ந்து நடக்கிற பெரிய மனிதர்கள் என் கடை வாசலுக்கு வந்ததும், பக்கத்தில் ஆள் நிற்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, மருந்தின் பெயரைக் காற்றில் விரலால் எழுதிக் காட்டுவார்கள். அவர்கள் மேல் இருந்த மரியாதை போய் ரொம்ப நாளாயிற்று. இதைச் சொல்லாமல் கணேஷ்ராமுக்கு நேர்ந்ததைச் சொல்ல முடியாது.

கணேஷ்ராம் கல்யாண வீடுகளுக்குச் சமைக்கிற தவசுப்பிள்ளை. என் கடையிலிருந்து நாலாவது வீடு. முப்பத்தொன்பது வயது. அம்பாசமுத்திரத்திலிருந்து தென்காசி வரைக்கும் சைவப் பிள்ளைமார் வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதி போட வேண்டுமென்றால் அவன்தான் வர வேண்டும். தாலி கட்டுகிற அன்று சாம்பாருக்கு யாரை வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள். சொதிக்கு மட்டும் அவன்.

அவன் சொதி வைப்பதை நான் பலமுறை நின்று பார்த்திருக்கிறேன். நூறு தேங்காயைத் துருவி, ஆட்டி, மூன்று பால் எடுத்துத் தனித்தனி அண்டாவில் வைத்துக்கொள்வான். காய்கள் மூன்றாம்பாலில் வேக வேண்டும். பாசிப்பருப்பும் இரண்டாம்பாலும் சேர்ந்து கொதித்த பிறகு விறகை வெளியே இழுத்துவிட்டு, தணல் சூட்டில் முதல்பாலை ஊற்றுவான். அப்போது பக்கத்தில் யாரும் பேசக் கூடாது. பால் விளிம்பில் நுரை கூடும் நேரம் பார்த்து இறக்கச் சொல்லுவான். ஒரு கொதி வந்துவிட்டால் திரிந்துபோகும். மற்றவர்கள் வைக்கிற சொதியைப் பற்றி அவனுக்கு இருந்த இளக்காரம் சாதாரணமல்ல. திருநெல்வேலியில் பெயர் வாங்கிய ஒரு சமையல்காரருடைய சொதியை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, பாயசத்தில் பச்சை மிளகாய் விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று அவர் காதில் விழும்படியே சொன்னவன்.

அவனுக்குப் பெருங்குடலில் புண். ஆறு வருடம் அதோடு கிடந்து மல்லுக்கட்டினான். ரத்தமும் சளியுமாக ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை போகும். தாளிப்பைப் பாதியில் விட்டுவிட்டு மண்டபத்துக் கக்கூசுக்கு ஓடுவான். மாத்திரைகள் கேட்காமல் போய், இரண்டு வருடத்துக்கு முன்னால் மதுரையில் பெருங்குடலை முழுக்க எடுத்துவிட்டார்கள். சிறுகுடலின் நுனியைத் தொப்புளுக்கு வலப்பக்கம் வெளியே கொண்டுவந்து தைத்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டிவிட்டார்கள். இனி போகிறதெல்லாம் அந்தப் பையில். நோய் பிடித்த குடலையே எடுத்தாயிற்று, இனி அது வர இடமில்லை என்று யாரோ சொன்னதை அவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

ஊருக்கு வேறு கதை சொல்லப்பட்டது. குடல்வால் வீங்கி ஆபரேஷன் என்று அவன் அண்ணன் அம்மையப்பன் தெருத்தெருவாகச் சொல்லிவிட்டு வந்தான். அம்மையப்பனுக்குச் சமையல் தெரியாது. வெந்நீர் வைத்தாலும் அடிப்பிடித்துவிடும். ஆனால் கல்யாண வீட்டுக்குப் போய் ஒப்பந்தம் பேசுவதும், பட்டு அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு பந்தி நடுவில் நின்று ‘இன்னும் கொஞ்சம் விடுலே’ என்று பரிமாறுகிறவனை விரட்டுவதும் அவன்தான். ஊரில் பாதிப் பேர் அவனைத்தான் சமையல்காரன் என்று நினைத்திருந்தார்கள். மதுரையில் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டவனும் அவனே. பை விஷயம் வெளியே தெரிந்தால் ஒருவன் நம் கையால் பச்சைத்தண்ணி குடிக்க மாட்டான் என்று சொல்லி, தம்பியையும் தம்பி மனைவி சங்கரியையும் வாயடைத்து வைத்தான். எல்லோரும் அதையே வயிற்றுக்குள் சுமந்துகொண்டுதான் கோயிலுக்கும் குளத்துக்கும் போகிறார்கள். இவனுடையது கசியாத பையில் மூடியிருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் இதை அன்றைக்கு நானும் யாரிடமும் சொல்லவில்லை. மதுரையிலிருந்து பைகளை வரவழைத்து, செய்தித்தாளில் சுற்றி சங்கரி கையில் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடம் அவன் நன்றாக இருந்தான். கன்னத்தில் சதை பிடித்தது. வேட்டியை மார்புக்குச் சற்றுக் கீழே ஏற்றிக் கட்டி, மேலே துண்டை இறுக்கிச் சுற்றிக்கொண்டு அடுப்படியில் நின்றான்.

இந்த வருடம் வைகாசி நடுவில் சங்கரி பைக்கு இருமுறை வந்தாள். ஒரு மாதத்துக்கு வாங்கினது பன்னிரண்டு நாளில் தீர்ந்துவிட்டது என்றாள். முன்பெல்லாம் ஒரு நாளைக்கு ஐந்து தடவை பையைக் காலி செய்தால் போதும். இப்போது அரைமணிக்கு ஒருமுறை நிரம்புகிறதாம். பச்சை நிறத்தில் தண்ணீராக வருகிறதாம். இரண்டு நாளாக அதில் ரத்தமும் தெரிகிறதாம். உள்ளூர் டாக்டர் கிருமி என்று சொல்லி ஐந்து நாள் மாத்திரை கொடுத்தார். அது தீர்ந்ததும் வேறு ஐந்து நாள் மாத்திரை கொடுத்தார். அம்மையப்பன் கண்ட இடத்தில் டீ குடித்ததால் வந்தது என்றான். கணேஷ்ராமோ தாகத்துக்குக் குடம் குடமாக வெறும் தண்ணீரைக் குடித்தான். குடித்ததெல்லாம் அப்படியே பைக்கு வந்தது.

ஒரு நாள் சாயங்காலம் அவனே கடைக்கு வந்தபோது, உப்பும் சர்க்கரையும் கலந்த பொடிப் பாக்கெட்டுகளை எடுத்து வைத்து, இதைக் கரைத்துக் குடிக்கும்படியும், காலையிலேயே பாளையங்கோட்டைக்குப் போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டும்படியும் சொன்னேன்.

“அண்ணாச்சி, குடல வெட்டி வாளியில போட்டாச்சு. இல்லாத குடலுக்கு எங்கன இருந்து நோய் வரும்?” என்றான். “ஆனி மாசம் ஏழு முகூர்த்தம் இருக்கு. முடிச்சிட்டுப் பாக்கலாம்.”

பாக்கெட்டுகளைத் தொடவில்லை. கண்கள் உள்ளே போயிருந்தன. கையில் ரோமத்துக்குக் கீழே தோல் சுருங்கிக் கிடந்தது. அவனை அன்றே வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருக்க வேண்டும். என் கடையில் அப்போது ஆள் நின்றது.

ஆனி பத்தாம் தேதி அம்பாசமுத்திரத்தில் கோமு ஆச்சி வீட்டு மூத்த மகளுக்குக் கல்யாணம். கோமு ஆச்சிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் ஓய்வுபெற்ற அதிகாரி. வாய் திறக்க மாட்டார். ஆற்றுப் பாசனத்தில் இருந்த நிலமெல்லாம் விற்றுப் பத்து வருடமாகிறது, நிலம் இருந்தபோது இருந்த மிடுக்கை மட்டும் ஆச்சி விற்கவில்லை. மருந்து வாங்கும் பழக்கத்தில் எனக்கும் அழைப்பு வைத்தாள். நான் வேதக்காரன், கிறிஸ்தவன் என்பதால் கல்யாணத்துக்கு வராவிட்டாலும் மறுநாள் சொதிக்கு வந்துவிட வேண்டும் என்றாள். போனேன்.

மேற்கே மலையில் சாரல் இறங்கியிருந்தது. மண்டபத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் மட்டும் வெக்கை. மூன்று கோட்டையடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பதினொன்றரை மணிக்கு நான் அங்கே போனபோது கணேஷ்ராம் முதல்பாலை ஊற்றிக்கொண்டிருந்தான். உதடு வெளுத்திருந்தது. துண்டு வேர்வையில் நனைந்து வயிற்றோடு ஒட்டி, ஒரு பக்கம் புடைத்திருந்தது. உட்காரச் சொன்னேன். கரண்டி பிடித்த கையால் பேசாதே என்று சைகை காட்டினான். விளிம்பில் நுரை கூடியது.

“எறக்குங்கலே,” என்றான்.

நாலு பேர் அண்டாவைத் தூக்கி, முன்பே இறக்கியிருந்த அண்டாவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். வைத்ததைப் பார்த்த பிறகுதான் விழுந்தான். நல்லவேளை, அடுப்புக்கு எதிர்ப்பக்கம்.

காற்றுப்படட்டும் என்று பரிமாறுகிற பையன்கள் துண்டை அவிழ்த்தார்கள். வேர்வையில் பசை விட்டு, பை பாதி பிரிந்து தொங்கியது. அந்த இடத்தில் சிவப்பாகக் குடல் நுனி. வயிற்றில் பச்சைத் தண்ணீர் வழிந்தது. துண்டை அவிழ்த்தவன் கையை உதறிக்கொண்டு எழுந்தான். ஒருவன் வெளியே போய் வாந்தி எடுத்தான். கோழிக்கடையில் குடல் உருவுகிற வேலை பார்த்தவன் அவன். இங்கே வாந்தி வந்துவிட்டது.

கோமு ஆச்சி பட்டுச்சேலை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள். கீழே கிடந்தவனுக்கு உயிர் இருக்கிறதா என்று கேட்கவில்லை.

“இந்தக் கையாலயா எங்க வீட்டுப் பந்திக்குச் சமைச்சான்?” என்றாள்.

அம்மையப்பன் அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு கையைக் கூப்பினான். தனக்கே இப்போதுதான் தெரியும் என்றான். கூடப்பிறந்தவனே தன்னை ஏமாற்றிவிட்டான் என்றான். சொல்லும்போது கண்ணில் தண்ணீர்கூட வந்தது. ஆபரேஷன் கடுதாசியில் அவன் போட்ட கையெழுத்தை நான் பார்த்திருக்கிறேன். பெயருக்குக் கீழே இரண்டு கோடு இழுத்திருப்பான்.

ஆச்சி என் பக்கம் திரும்பினாள். “நீரு மருந்துக்கடைக்காரராச்சே. உமக்குமா தெரியாது?”

“தெரியாதும்மா,” என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை. அம்மையப்பனாவது அழுதான்.

இரண்டு அண்டா சொதியையும் பின்பக்கத்துச் சாக்கடையில் கவிழ்க்கச் சொன்னாள் ஆச்சி. கவிழ்த்தார்கள். இஞ்சியும் தேங்காய்ப்பாலும் எலுமிச்சையுமாக அந்தச் சந்து முழுக்க மணந்தது. மாப்பிள்ளை வீட்டார் நூற்றைம்பது பேருக்கும் பஸ் நிலையத்துப் பக்கத்து ஓட்டலிலிருந்து சாம்பார் வந்தது. ஆம்புலன்சுக்குப் போன் செய்தது நான். அம்மையப்பன் பாத்திரங்களுக்குப் பொறுப்பு இருக்கிறது என்று வண்டியில் ஏறவில்லை. நான் ஏறினேன். அதற்காக யாரும் என்னை மெச்ச வேண்டாம்.

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. சிறுநீரகம் வாடிவிட்டது, உடம்பில் உப்பே இல்லை என்று சொல்லி இரண்டு கையிலும் பாட்டில் ஏற்றினார்கள். சங்கரி பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். பையில் வருவதை அளந்து எழுதச் சொன்னார்கள். முதல் நாள் மூன்றரை லிட்டர். கிருமி இருக்கிறதா என்று பார்த்தார்கள், இல்லை. மூன்றாம் நாள் குடல் டாக்டர் வினோலியா, வயிற்று வாசல் வழியாகவே குழாயை விட்டுச் சிறுகுடலைப் பார்த்தாள். உவரிக்காரப் பெண். நாற்பது வயதுக்குள் இருக்கும். தூங்கி ரொம்ப நாளான முகம். உள்ளே நெடுகப் புண்ணாக இருந்தது. சதை கிள்ளிச் சோதனைக்கு அனுப்பி, முடிவு வந்த பிறகு எங்கள் மூன்று பேரையும் வைத்துக்கொண்டு விளக்கினாள். பெருங்குடலை எடுத்தால் இந்த நோய் பொதுவாக முடிந்துவிடும். மிக அபூர்வமாகச் சிலருக்கு, எடுத்த பிறகு சிறுகுடலிலும் அதே மாதிரி அழற்சி கிளம்பும். அவன் தின்றதாலோ குடித்ததாலோ வந்ததல்ல.

கணேஷ்ராம் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

“மிச்சம் இருக்கதையும் எடுத்துருங்கம்மா,” என்றான். “வெறும் பாத்திரமா இருந்துட்டுப் போறேன்.”

“அண்ணே, சிறுகுடல எடுத்துட்டு மனுசன் இருக்க முடியாது,” என்றாள் அவள். “இதுக்குக் கத்தி வேண்டாம். மருந்துலயே கேக்கும். கேக்கலன்னா அதுக்கு மேல வேற மருந்து இருக்கு. ஆனா நீங்க சொன்ன பேச்சு கேக்கணும். இவ்வளவு நாளு கேக்கல.”

அவனிடம் அப்படிப் பேசிய ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நரம்பில் ஸ்டீராய்டு ஏறியது. ஏறத் தொடங்கிய நாலாம் நாள் மூன்றரை லிட்டர் இரண்டாயிற்று. ஆறாம் நாள் ஒன்றுக்குக் கீழே வந்தது. சங்கரி அளக்கிற குவளையைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “அண்ணாச்சி, கூழு மாதிரி வந்திருக்கு, பாருங்க,” என்றாள். குளம் பெருகியதைச் சொல்கிறவள் முகம் போலிருந்தது. நான் பார்த்தேன். கூழ் மாதிரிதான் இருந்தது.

ஒன்பதாம் நாள் அம்மையப்பன் ஆப்பிளும் ஹார்லிக்சும் வாங்கிக்கொண்டு வந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு, விபூதியை எடுத்துத் தம்பி நெற்றியில் பூசிவிட்டு, ஒரு யோசனை சொன்னான். இனி கணேஷ்ராம் அடுப்படிக்கு வரவே வேண்டாம். வீட்டிலிருந்து பக்குவத்தை மட்டும் போனில் சொன்னால் போதும். கடையத்திலிருந்து மாரிக்கண்ணு என்ற ஒரு ஆளைப் பேசியிருக்கிறேன், அவனை நிற்க வைத்துச் செய்துவிடலாம். ஊரிலும் தம்பியைத் தொழிலை விட்டு நீக்கிவிட்டேன் என்று சொல்லியாயிற்று, அதனால் பேர் கெடவில்லை. இதைச் சொல்லும்போது தான் பெரிய தியாகம் செய்தவன் போல ஒரு பெருமூச்சும் விட்டான்.

கணேஷ்ராம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். சங்கரி ஆப்பிள் பையை எடுத்து அம்மையப்பன் மடியில் வைத்தாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவள் அவனை நிமிர்ந்து பார்த்துப் பேசி நான் கேட்டதில்லை.

“அத்தான், அன்னைக்கு அத்தனை பேரு முன்னால எனக்குத் தெரியாதுன்னு சொன்னியள்லா? நல்லது. தெரியாதவங்க தெரியாதவங்களாவே இருந்துக்கிடுங்க. இது யாரு, இந்தக் கட்டில்ல கெடக்கது யாருன்னே உங்களுக்குத் தெரியாது. எந்திரிச்சுப் போங்க.”

குரல் உயரவே இல்லை. கொட்டகைப் பையன்கள் யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அம்மையப்பன் என்னைப் பார்த்தான், நான் ஏதாவது சொல்வேன் என்று. தெரியாது என்று சொன்னவர்களில் நானும் ஒருவன் என்பதால் நான் பாட்டிலில் சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போகும்போது ஹார்லிக்சை மட்டும் மறந்ததுபோல வைத்துவிட்டுப் போனான். சங்கரி அதை வார்டு பெருக்குகிற ஜெபராணியிடம் கொடுத்துவிட்டாள்.

ஆடியும் ஆவணியும் வீட்டில் கழிந்தன. ஸ்டீராய்டைக் குறைத்துக்கொண்டே வந்து வேறு மாத்திரைக்கு மாற்றினார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் சோதிக்க வேண்டும். உப்புத் தண்ணீரை முகம் சுளித்துக்கொண்டே குடித்தான். முகம் வீங்கி, பிறகு வடிந்தது. சமையலுக்குக் கூப்பிட ஒரு ஆளும் வரவில்லை. சங்கரி பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையலுக்கு உதவியாளாகப் போனாள். மலப்பைக்காரன் பெண்டாட்டி எங்கள் பிள்ளைகளுக்குச் சமைப்பதா என்று இரண்டு பேர் தலைமையாசிரியரிடம் போனார்கள். அந்த இரண்டு பேரும் என் கடையில் என்ன வாங்குகிறார்கள் என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிடலாமா என்று எனக்கு நாக்கு துடித்தது. அவர் நல்ல மனிதர். போய் வேலையைப் பாருங்கள் என்று அவர்களை அனுப்பிவிட்டார்.

கணேஷ்ராம் துண்டைச் சுற்றுவதை நிறுத்தினான். சட்டையில்லாமல், பை தெரிய, வாசலில் நின்று காய் வாங்கினான். தெருவில் முதலில் முறைத்துப் பார்த்தார்கள். பிறகு பார்க்காத மாதிரி போனார்கள். அவனும் அவர்களைக் காய்க்கூடையில் அழுகலைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

அம்மையப்பனும் மாரிக்கண்ணுவும் வைத்த சொதி ஆவணியில் இரண்டு கல்யாணத்தில் திரிந்தது. அதற்கப்புறம் அம்மையப்பன் இட்லி, சாம்பாரோடு நின்றுகொண்டான்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், புதிதாக வந்த பைகளைக் கொடுக்க அவன் வீட்டுக்குப் போனேன். செய்தித்தாள் சுற்றவில்லை. அடுக்களையில் சங்கரி தேங்காய் பிழிந்துகொண்டிருந்தாள், அவன் அடுப்பு முன்னால் நின்றான். இஞ்சித் துவையல் அரைத்து வைத்திருந்தது. சொதியை இறக்கி வைத்த நேரத்தில் வாசலில் கோமு ஆச்சி நின்றாள். காரைக் கோயில் முக்கிலேயே நிறுத்திவிட்டுக் குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு நடந்து வந்திருக்கிறாள்.

உட்கார்ந்ததும் உடம்பு எப்படியிருக்கிறது என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் வந்த காரியத்தைச் சொன்னாள். மருமகன் தலைதீபாவளிக்கு வருகிறான். மறுவீட்டுக்குச் சொதி போடாத வீடு என்று சம்பந்தக்காரர்கள் நாலு மாதமாகக் குத்திக் காட்டுகிறார்கள். மகளுக்கு அங்கே தலைநிமிர முடியவில்லை. கணேஷ்ராம் இங்கேயே வைத்து, பாத்திரத்தில் ஊற்றிக் கொடுத்துவிட்டால் போதும். காரில் எடுத்துப் போய்விடலாம். திருநெல்வேலியிலிருந்து ஆள் வந்து வைத்ததாகச் சொல்லிக்கொள்வார்கள்.

அவன் கேட்டுவிட்டு, “ஆச்சி, மொதல்ல இங்கன ஒரு எலையில உக்காந்து சாப்பிடுங்க. பொறவு பேசுவோம்,” என்றான்.

அவள் அவன் வயிற்றைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பசியில்லை என்றாள். அப்படியானால் பேச்சுமில்லை என்றான் அவன். சங்கரி தரையைத் துடைத்து இலை போட்டுத் தண்ணீர் தெளித்தாள். ஆச்சி எழுந்து வந்து, சேலையை ஒதுக்கிக்கொண்டு இலை முன்னால் உட்கார்ந்தாள்.

சோறு போட்டதும் அவன் உள்ளே போனான். பையைக் காலி செய்கிற நேரம் அது. தண்ணீர் விழுகிற சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. பிறகு முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. எத்தனை கல்யாண வீட்டில் எத்தனை சமையல்காரர்கள் அப்படிக் கழுவுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஈரக் கையோடு வந்து கரண்டியை எடுத்துச் சோற்றில் சொதியை ஊற்றினான்.

ஆச்சி முதல் கவளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். இரண்டாவதற்கு மூடவில்லை. துவையலைத் தொட்டுக்கொண்டாள். பிறகு குனிந்த தலை நிமிரவில்லை. சொதி இன்னும் கொஞ்சம் என்று இரண்டு தடவை வாய்விட்டுக் கேட்டாள். மூன்றாம் தடவை கையை மட்டும் காட்டினாள். இலையை வழித்து, கையை உதறி, எழுந்திருக்கப் போகும் நேரத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

“நான் இங்கன உக்காந்து சாப்பிட்டேன்னு வெளிய யாருகிட்டயும் சொல்லிராத, என்ன?”

கணேஷ்ராம் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை அது. சங்கரி வழக்கம்போல இலையை எடுக்கக் குனிந்தாள். அவன் அவள் தோளைத் தொட்டு நிறுத்தினான்.

“நான் யாருகிட்டயும் சொல்லல ஆச்சி,” என்றான். “ஒங்க எலைய மட்டும் நீங்களே எடுத்து வெளிய போட்டுருங்க. இந்த வீட்டுல இனி யாரு எச்சிலையையும் நாங்க எடுக்கதா இல்ல.”

இந்தப் பக்கத்தில் விருந்துக்கு வந்தவரைத் தன் இலையைத் தானே எடுக்கச் சொல்வதைவிட முகத்தில் அறைந்துவிடலாம். ஆச்சி விருட்டென்று போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். மகளுடைய முகம் நினைவுக்கு வந்ததோ என்னவோ, குனிந்து இலையை மடித்தாள். அந்த வீட்டுக்குக் கொல்லைப்புறம் கிடையாது. எச்சில் இலை போடுகிற தொட்டி தெரு நடுவில், தண்ணீர்க் குழாய்ப் பக்கம் இருக்கிறது. மழை விட்டிருந்ததால் குடத்தோடு ஏழெட்டுப் பேர் நின்றார்கள். இரண்டு கையிலும் இலையை ஏந்திக்கொண்டு, விரலிடுக்கில் சொதி வழிய, பட்டுச்சேலையில் அவள் அவர்கள் நடுவே நடந்து போனாள். எல்லோரும் வழிவிட்டார்கள். அவள் திரும்பி வரவுமில்லை. அப்படியே கோயில் முக்குக்குப் போய்விட்டாள். குடை இங்கேயே கிடந்தது.

சங்கரி அந்த இடத்தைத் துடைத்து இன்னொரு இலை போட்டாள். கணேஷ்ராம் என்னைக் கூப்பிட்டான்.

“உக்காருங்க அண்ணாச்சி.”

உட்கார்ந்தேன். எனக்கும் சொதி ஊற்றினான், இருமுறை. அம்பாசமுத்திரத்துக் கொட்டகையில் நான் சொன்ன வார்த்தை அவனுக்குத் தெரியுமா, பையன்கள் யாராவது சொல்லியிருப்பார்களா என்று நாலு மாதமாக நான் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்தேன். அவன் சுவரில் சாய்ந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நானே என் இலையை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவன் தடுக்கவில்லை.